ஆட்டத்தை எழுதுவோரும் ஆளை எழுதுவோரும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேச இம்மேடையில் நம்மினும் வல்லார் பலர் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே விளையாட்டைப் பற்றிப் பேச இசைவு தாருங்கள் என்று விழாக்குழுவினரைக் கேட்டுக்கொண்டோம். மைதானத்தில் நடைபெறும் விளையாட்டைப் பற்றியன்று; மறுநாள் காலையில் பத்திரிகையில் நடைபெறுகின்ற ஒன்றைப் பற்றி. ஓடியவனின் ஓட்டத்தை விட்டுவிட்டு அவனுடைய குணத்தை எழுதுகிறார்களே, அதைப் பற்றி. அவ்வாறு எழுத ஒருவருக்கு எந்த அளவுக்கு உரிமை உண்டு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருள் நமக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிற் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகட்கு முன் நம் பள்ளி மாணவன் ஒருவன் மாவட்ட அளவிலான 1500 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தான். தீவுப் பக்கத்துப் பிள்ளை. தந்தை விசைப்படகில் கூலிக்குச் செல்பவர். தாய் கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்பவர். பரிசளிப்பு பிற்பகல் மூன்று மணிக்கு என்று அறிவித்திருந்தனர். வரவேண்டிய விருந்தினர் வந்து சேர்ந்தபோது மணி ஆறரை. பையனின் பெயரை அழைத்தபொழுது மேடையேற ஆளில்லை. அந்த வாரம் உள்ளூர் இதழ் ஒன்றில் விளையாட்டுப் பத்தி எழுதும் ஒருவர், முதலிடம் கிட்டாத ஆத்திரத்தில் பரிசைப் புறக்கணித்துச் சென்ற மாணவன் என்று ஊர்ப்பெயரும் பள்ளிப்பெயரும் குறிப்பிட்டு எழுதிவிட்டார். அதனோடும் நிறுத்தவில்லை. இத்தகைய பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்குமுன் பணிவைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நமக்கு அறிவுரையும் கூறியிருந்தார்.

பையனை அழைத்துக் கேட்டோம். "கடைசி பஸ்ஸ விட்டா ராத்திரி ஸ்டாண்டுலதான் சார் கிடக்கணும். அம்மா பயந்துக்கும்" என்றான். விஷயம் அவ்வளவுதான்! அவன் ஊருக்குச் செல்லும் கடைசி வண்டியின் நேரம் பேருந்து நிலையப் பலகையிலேயே எழுதியிருந்தது. பத்தி எழுதியவர் அதைப் பார்த்திருக்கலாம். அல்லது நம்மை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதில் நம் குற்றமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையாகாது. பையனைப் போட்டிக்கு அனுப்பிய நாம், அவன் திரும்பி வரும் வழியை எண்ணிப் பார்க்கவில்லை.

அவனுடைய தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேநீர்க் கடையில் யாரோ அச்செய்தியை உரக்கப் படித்துக் காட்டியிருக்கின்றனர். மறுநாள் பள்ளிக்கு வந்து, "எம்புள்ள என்ன சார் தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டார். இதழாசிரியருக்கு நாம் மறுப்பு எழுதினோம். மூன்று வாரம் கழித்து, மாணவன் பேருந்துக்காகச் சென்றதாகப் பள்ளி தெரிவிக்கிறது என்று ஒரு மூலையில் இரண்டு வரி வெளிவந்தது. குற்றச்சாட்டு அரைப் பக்கம். மறுப்பு இரண்டு வரி. பையன் அதற்குப் பின் ஓடவில்லை. நாம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "வேணாம் சார்" என்பதைத் தவிர வேறு பதில் அவனிடமிருந்து வரவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, இஃது ஒரு சிறு ஊரின் சிறு கதை. இதே கதை பெரிய அளவில் நடந்ததை இனிக் கூறுகிறோம். நம் மாவட்டத்தின் வடகிழக்கெல்லையை அடுத்தது புதுக்கோட்டை மாவட்டம். அங்கே கத்தக்குறிச்சி என்னும் சிற்றூரில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சார்ந்த செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2005-ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே தொலைவை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மீண்டும் வெள்ளி பெற்றார். சூளையில் கல் சுமந்த வீட்டுப் பிள்ளை ஆசியாக் கண்டத்தில் இரண்டாவதாக வந்தது நம் போன்றோர் எத்தனை முறை சொன்னாலும் சலிக்காத செய்தி.

அந்த மகிழ்ச்சி சில நாள்களே நீடித்தது. ஓட்டம் முடிந்தபின் அவருக்குப் பாலினச் சோதனை நடத்தப்பட்டது. அந்தச் சோதனை எதற்கென்று தமக்கு விளங்கச் சொல்லவில்லை என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். மருத்துவரும் விளையாட்டு நிர்வாகிகளும் தமக்குள் வைத்திருக்க வேண்டிய அறிக்கையின் சாரம், டிசம்பர் முடிவதற்குள் உலகெங்கும் செய்தியாகிவிட்டது. பதக்கமும் பறிக்கப்பட்டது.

"பாலினச் சோதனையில் தோல்வி" என்பது அன்று பத்திரிகைகள் எடுத்தாண்ட தொடர். ஆசிரியத் தொழில் செய்பவராதலின் இந்தச் சொல் நம்மைப் பெரிதும் உறுத்தியது. ஒரு மாணவன் தேர்வில் தோல்வியுற்றான் என்றால் பொருள் உண்டு. படித்திருக்கலாம், படிக்கவில்லை, அல்லது படித்தும் எழுத இயலவில்லை. பிறவியில் அமைந்த உடலைக் கொண்டு வந்து நிற்பவர் எதில் தோற்றார்? பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே ஓடியவர் அவர். எதையும் உட்கொள்ளவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. போட்டி விதி அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது ஒரு கேள்வி. அதை அறிவியலாளர்களும் விளையாட்டு அமைப்புகளும் விவாதிக்கட்டும். அவர் நேர்மையானவரா என்பது முற்றிலும் வேறான கேள்வி. தோல்வி என்ற ஒரே சொல் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. படித்தவர் மனத்தில் தங்கியது, இப்பெண் எதையோ மறைத்து ஓடினாள் என்பதே.

அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி, அறிவித்திருந்த 15 இலட்சம் ரூபாயைப் பதக்கம் பறிபோன பின்னும் அவருக்கு வழங்கினார் என்பதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். ஆயினும் பணத்தால் துடைக்கக்கூடிய காயமாக அஃது இருக்கவில்லை. 2007-ல் அவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். பின்னர்ப் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். 2012-ல் அவர் மீண்டும் செங்கற்சூளையில் நாட்கூலியாக வேலை செய்வதாகச் செய்தி வந்தது. அவருடைய உடலைச் செய்தியாக்கிய பத்திரிகை உலகமே இம்முறை இரக்கத்தோடு படமெடுக்கச் சென்றது. அதற்கும் பின்னர்ப் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்து, 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளராக அமர்ந்தார். பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஓட்டக்காரருக்குப் பத்தாண்டு என்பது முழு வாழ்நாள்.

இதைக் கேட்கும் சிலர், அப்படியாயின் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி யாரும் எதுவும் எழுதக்கூடாதா என்று வினவலாம். அப்படி நாம் கூறவில்லை. அதே தோஹா, அதே 800 மீட்டர், அதே தமிழ்நாடு. ஆண்டு மட்டும் 2019. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து ஆசியத் தடகளப் போட்டியில் 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். தமிழ்ப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. பின்னர் ஊக்கமருந்துச் சோதனையில் நான்ட்ரோலோன் என்னும் பொருள் இருந்ததாகக் கண்டறியப்பட்டு, 2020-ல் அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டுப் பதக்கமும் இழக்கப்பட்டது. அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் கூறினார். இதைப் பத்திரிகைகள் எழுதத்தான் வேண்டும். இது பிறவியைப் பற்றியதன்று. விதி மீறப்பட்டதா என்பதைப் பற்றியது. விசாரணை உண்டு, விடையளிக்க வாய்ப்பு உண்டு, தீர்ப்பு உண்டு. தீர்ப்பையும் எழுதி, அவர் மறுப்பையும் எழுதுபவர் தம் கடமையைச் செய்கிறார். ஆனால் அதற்கு மேலும் ஒரு படி ஏறி, வறுமையிலிருந்து வருவோர் இப்படித்தான் குறுக்குவழி தேடுவார்கள் என்று ஒருவர் எழுதுவாராயின், அங்கே அவர் ஆட்டத்தை விட்டு ஆளுக்கு வந்துவிட்டார். ஆளையும் கடந்து ஒரு கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

ஒடிசாவின் டூட்டி சந்த் என்பவர் வாழ்வில் இவ்விரண்டும் தனித்தனியே நிகழ்ந்திருக்கின்றன. உடலில் இயற்கையாகச் சுரப்பது மிகுதி என்று கூறி 2014-ல் அவரை விலக்கி வைத்தனர். அவர் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு முறையிட்டார். 2015 ஜூலையில் அம்மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. அவர் 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். அதே டூட்டி சந்துக்கு ஊக்கமருந்து காரணமாக 2023-ல் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. முதலாவதில் அவர் பக்கம் நின்ற நாம் இரண்டாவதிலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டுவதில்லை. இரண்டாவது நடந்ததனால், முதலாவதில் அவரைச் சந்தேகித்தவர்கள் சரியென்றும் ஆகிவிடாது. இந்த வேறுபாட்டைப் பிரித்தறியத் தெரியாதவர் பேனாவை எடுத்துப் பத்தி எழுதுவதுதான் ஆபத்து.

இதனோடு ஒரு செய்தியையும் பெற்றோர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பெண்களுக்கும் கட்டாயச் சோதனை என்ற முறையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-ல் கைவிட்டது. ஆனால் 2025 செப்டம்பர் முதல், உலகத் தடகள அமைப்பு தன் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடுவோர்க்கு வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை என்று விதித்திருக்கிறது. நம் பெண்களில் ஒருத்தி அந்த உயரத்துக்குச் செல்வாளாயின், இதைப் பற்றி அவளுக்கும் அவள் தாய்க்கும் முன்கூட்டியே, அவர்கள் மொழியில், அறைக்குள் வைத்து எடுத்துரைக்க ஒரு மருத்துவர் வேண்டும். தொலைக்காட்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை இன்னொருத்திக்கு வரலாகாது.

குணத்தைப் பற்றிய பேச்சு எல்லார் மீதும் ஒரே எடையில் விழுவதில்லை. பெரிய வீட்டுப் பையன் நடுவரிடம் வாதிட்டால் போராட்டக் குணம் என்று எழுதுவர். நம் வீட்டுப் பையன் வாதிட்டால் திமிர். அவன் பேசாதிருந்தால் ஆழ்ந்தவன். இவன் பேசாதிருந்தால் மந்தன். இந்த அகராதி நேற்று அச்சானதன்று. பல்வங்கர் பாலு என்பவரைப் பற்றி நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவீர்கள்? 1876-ல் பிறந்தவர், சமார் வகுப்பினர். புனேயில் வெள்ளையர் மன்றத்து மைதானத்தில் பணியாளாக இருந்து, அவர்களுக்குப் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்தில் ஈடிணையற்றவர் ஆனார். 1911-ல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் ஆடி நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். புனேயில் இந்து அணிக்காக அவர் ஆடிய காலத்தில், இடைவேளையில் மற்றவர்க்கு உள்ளே தேநீர். அவருக்கு வெளியே, மண் குவளையில்! அணித்தலைமையோ அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை. பந்து வீசத் தகுதி உண்டு, தலைமை ஏற்கத் தகுதி இல்லை என்றால், அங்கே எடைபோடப்பட்டது அவர் ஆட்டமன்று. 1920-ல் அவர் தம்பியர் அணியிலிருந்து விலகி, காரணத்தை வெளிப்படையாக அறிக்கையாகவே வெளியிட்டனர். 1923-ல் தம்பி விட்டல் இந்து அணியின் தலைவரானார். எழுத்தால் வந்த இழிவுக்கு எழுத்தாலேயே விடை கொடுத்தவர்களில் இச்சகோதரர்களும் சேர்வர். (1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் பாலு அண்ணல் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார் என்பது வேறு கதை. அதற்காக அவருடைய பந்துவீச்சை நாம் குறைத்துப் பேசினால், நாமும் மேற்சொன்ன பத்தி எழுத்தாளர் ஆகிவிடுவோம்.)

நூறாண்டு கழித்தும் நிலைமை எவ்வாறு இருந்தது? 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். சில நாள்களில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றதும், அரித்துவார் அருகே ரோஷனாபாத்தில் அவர் வீட்டின் முன் சிலர் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி ஏசினர். வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. அதை எழுதியவர் எவருமில்லை, தெருவில் கத்தியவர்கள்தாம் என்று பத்திரிகையாளர் கூறக்கூடும். உண்மைதான். ஆனால் தோல்விக்கு ஆட்டத்தில் காரணம் தேடாமல் ஆளிடத்தில் காரணம் தேடும் பழக்கத்தைத் தெருவுக்குக் கற்பித்ததில் பத்திரிகைப் பக்கங்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியுமா?

நம்மையும் ஒரு கணம் பார்த்துக்கொள்வோம். நம் தெருவிலேயே, விடியற்காலையில் ஓடப் பழகும் பெண்ணைப் பற்றித் திண்ணையில் அமர்ந்து பேசுவோர் உண்டு. அரைக்கால் சட்டை அணிந்தாள் என்பர்; குரல் தடித்துவிட்டது என்பர்; இவளை யார் கட்டுவார் என்பர். சாந்தியின் செய்தி வந்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடிற்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பெண்ணை அவள் பாட்டி வந்து பயிற்சியிலிருந்து அழைத்துச் சென்றதை நாம் கண்டோம். அந்தப் பாட்டி எந்தப் பத்திரிகையையும் படித்தவர் அல்லர். அடுத்த ஊர் அணியுடன் சடுகுடு ஆடித் தோற்றால் அவ்வூரார் குணத்தை நாமும் எப்படியெல்லாம் அலசுகிறோம் என்பதும் இளைஞர்களுக்குத் தெரியும். இங்கே சிலர் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது.

பத்தி எழுதுவோர் செய்ய வேண்டுவது கடினமான காரியமன்று. கண்ணால் கண்டதை எழுதலாம்: காலை எங்கே வைத்தான், மூச்சை எங்கே விட்டான், கடைசி 200 மீட்டரில் ஏன் பின்தங்கினான் என்று எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம். ஏன் மேடைக்கு வரவில்லை என்று எழுத வேண்டுமாயின், முதலில் அவனைக் கேட்க வேண்டும். கேட்க முடியவில்லையென்றால், கேட்க முடியவில்லை என்பதையே எழுத வேண்டும். நாம் கண்டவரை, கேட்காமல் எழுதப்பட்டவையே மிகுதி. சென்னையில் அமர்ந்து எழுதுபவருக்கு வாரந்தோறும் ஒரு பத்தி உண்டு. எழுதப்பட்டவனுக்கு ஒரு வாரமும் இல்லை.

எனவே நம் பக்கத்திலிருந்தும் ஒரு வேலை நடக்க வேண்டும். பொய்யாக எழுதினால், உடனே அந்த இதழாசிரியருக்குப் பதிவஞ்சலில் மறுப்பு அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெளியிடாவிட்டால் புதுதில்லியில் உள்ள இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு எழுதலாம். நாளிதழ், வார இதழ் என்றால் வெளிவந்த இரண்டு மாதத்துக்குள், பிற இதழ் என்றால் நான்கு மாதத்துக்குள் முறையிட வேண்டும். அம்மன்றத்தால் அபராதம் விதிக்க இயலாது, கண்டிக்கத்தான் இயலும். தொலைக்காட்சியும் அதன் எல்லைக்குள் வராது. இவ்வளவுதானா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். ஆயினும் கண்டனம் எழுத்தில் பதிவாகும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதற்குக் காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். மறுப்புக் கடிதம் எழுதத் தெரிந்த பத்துப் பேரையாவது நம் கழகத்து மாலை வகுப்பு உருவாக்கித் தரவேண்டும் என்று இம்மேடையிலேயே வேண்டுகிறோம். ஒரு பக்கத்தில், வசவின்றி, தேதி பிழையின்றி எழுதும் கடிதம். நாம் அன்று எழுதிய கடிதம் மூன்று பக்கம் இருந்தது, கோபம் மிகுந்திருந்தது. அதனால்தான் இரண்டு வரியாகச் சுருங்கிற்றோ என்று இப்போது தோன்றுகிறது.

இறுதியாக ஓர் அறிவிப்பு. அடுத்த மாவட்டப் போட்டிக்கு நம் பகுதியிலிருந்து பதினொரு பிள்ளைகள் செல்கின்றனர். அவர்களில் நால்வர் பெண்கள். நம் கழகத் தலைவர் அவர்கள் ஒரு வேன் அமர்த்தித் தர இசைந்திருக்கிறார்கள். வண்டி காலை ஐந்து மணிக்குப் பாம்பனில் புறப்படும். திரும்பும் நேரம் குறிக்கப்படவில்லை. விருந்தினர் எத்தனை மணிக்கு வந்தாலும், கடைசிப் பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கி இறங்கிய பிறகே வண்டி கிளம்பும். இரவு உணவுக்கு இட்லி கட்டிக் கொடுக்க முன்வரும் தாய்மார்கள், கூட்டம் முடிந்ததும் நம்மிடம் பெயர் கொடுக்கலாம்.